பராமரிப்பு நேரத்தில் மெயின்ஃபிரேமின் டிஸ்க் பாதைகள் துண்டிக்கப்படும்போது என்ன செய்ய வேண்டும்?

கேள்வி இதுதான்: ஒரே மெயின்ஃபிரேமில் இசட்/ஓஎஸ் (ஐபிஎம்மின் மெயின்ஃபிரேம் இயங்குதளம்) எல்பார்களும் லினக்ஸ் எல்பார்களும் இயங்குகின்றன (எல்பார் என்பது தனி இயங்குதளம் ஓடும்படி இயந்திரத்திலிருந்து பிரித்துவைத்த ஒரு பகுதி). டிஸ்க்குகளுக்கு இணைப்பைத் தரும் சேனல் கார்டு ஒன்றை மாற்றவும், அதே இரவில் மைக்ரோகோட் (வன்பொருளின் உள் நிரல்) திருத்தங்களை ஏற்றவும் வன்பொருள் பொறியாளர் நேரம் கேட்டிருக்கிறார். டிஸ்க்குகளுக்கு மாற்றுப் பாதைகள் இருப்பதால் எதையும் நிறுத்தாமலே வேலையை முடித்துவிடலாம் என்கிறார். ஆனால் சென்ற முறை இப்படிச் செய்தபோது இசட்/ஓஎஸ் பக்கம் ஒன்றும் ஆகவில்லை என்றாலும், லினக்ஸ் சர்வர் ஒன்றின் கோப்பு முறைமை 'படிக்க மட்டும்' நிலைக்குப் போய்விட்டது. இந்த முறை முன்கூட்டியே என்ன செய்ய வேண்டும், வேலை முடிந்ததும் எதைச் சரிபார்க்க வேண்டும்?

பொறியாளர் சொல்வது உண்மைதான், ஆனால் அது இயந்திரத்தைப் பற்றிய உண்மை. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கார்டைக் கழற்றி மாட்டும் வசதி இயந்திரத்தில் இருக்கிறது என்பதற்கு மட்டுமே அவர் உறுதி தருகிறார். அந்த நிமிடத்தில் உங்கள் ஒவ்வொரு எல்பாருக்கும் ஒவ்வொரு டிஸ்க்கிற்கும் உயிருள்ள இன்னொரு பாதை இருக்கிறதா என்பது அவருக்குத் தெரியாது, தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை. ஆகவே நான் கடைப்பிடிக்கும் முறை ஒன்றே ஒன்று: கார்டில் கை வைப்பதற்கு முன், அதன் வழியே செல்லும் ஒவ்வொரு பாதையையும் இயங்குதளங்களின் வாயிலாகவே ஆஃப்லைனுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். எந்த இயங்குதளமாவது அதற்கு மறுத்தால், அந்த மறுப்பின் காரணம் தெரியும் வரை வேலையைத் தொடங்கக் கூடாது. கீழே எழுதுவதெல்லாம் இதன் விரிவுதான்.

பாதை திடீரென்று போவதைத்தான் இயங்குதளம் தாங்கிக்கொள்கிறதே, பிறகு எதற்கு இந்த மெனக்கெடல் என்று கேட்கலாம். 1990-இல் வந்த எஸ்கான் என்ற பழைய வகைச் சேனலில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஐ/ஓ (படிக்கவோ எழுதவோ கேட்கும் கோரிக்கை) மட்டுமே ஓடும். 1998-இல் அறிவிக்கப்பட்ட, அதன் வாரிசான ஃபைகான் ஒரே இழையில் பல டிஸ்க்குகளுக்கான ஐ/ஓக்களை ஒரே சமயத்தில் கலந்து ஓட்டுகிறது. கேபிளைப் பிடுங்கினால் நடுவழியில் இருந்தவை எல்லாம் ஒன்றாகவே அறுந்துபோகும். இசட்/ஓஎஸ் அவற்றை வேறு பாதையில் மறுபடி அனுப்பிவிடும், உண்மைதான். ஆனால் பிழை தெளிவாகத் திரும்பி வந்தால்தான் அந்த மறுமுயற்சி உடனே நடக்கும். பதிலே வராமல் போன ஐ/ஓவைப் பொறுத்தவரை, வராத குறுக்கீட்டைக் கவனிக்கும் எம்ஐஹெச் கடிகாரம் முடியும்வரை காத்திருக்க வேண்டும். டிஸ்க்குகளுக்கு இசட்/ஓஎஸ் தானாக வைத்துக்கொள்ளும் நேரம் 15 விநாடி; டிஎஸ்8000 போன்ற கண்ட்ரோல் யூனிட்டுகள் (டிஸ்க்குகளை வைத்து இயக்கும் ஸ்டோரேஜ் பெட்டிகள்) தாமே 30 விநாடி வேண்டும் என்று சொல்லிவிடும். பரபரப்பாக இயங்கும் டேட்டாபேஸின் லாக் டிஸ்க் 30 விநாடி அசையாமல் நின்றால் அதற்குப் பின்னால் என்னவெல்லாம் வரிசையில் நிற்கும் என்பதை ஆன்லைன் பரிவர்த்தனைகளை நடத்துபவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதே பாதையை முறைப்படி ஆஃப்லைனுக்குக் கொண்டுபோனால், ஓடிக்கொண்டிருக்கும் ஐ/ஓ முடிந்துவிடும், புதிய ஐ/ஓ அந்தப் பக்கம் போகாது, பிழைப் பதிவேட்டில் ஒரு வரிகூட ஏறாது.

இனி, மாற்றுப் பாதை என்று எதை நம்புகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். ஒரு எல்பார் ஒரு டிஸ்க்கை அதிகபட்சம் 8 சேனல் பாதைகள் வழியே அடையலாம். நடைமுறையில் பெரும்பாலும் 4 அல்லது 8 பாதைகள் வைத்திருப்பார்கள். எண்ணிக்கையைப் பார்த்து மனம் நிறைந்துவிடக் கூடாது. அந்தப் பாதைகள் எங்கெங்கே ஒன்றாகச் சேர்கின்றன என்பதே கேள்வி. ஃபைகான் எக்ஸ்பிரஸ்8எஸ் தலைமுறையிலிருந்து இசட்16-இல் வந்த ஃபைகான் எக்ஸ்பிரஸ்32எஸ் வரை ஒரு கார்டில் 2 போர்ட்டுகள். ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனிப் பிசிஹெச்ஐடி (போர்ட்டின் வன்பொருள் அடையாள எண்), தனிச் சிப்பிட் எண் (இயங்குதளங்கள் சேனலை அழைக்கும் எண்) என்பதால் காகிதத்தில் அவை இரண்டு தனித்தனிப் பாதைகளாகவே தெரியும். கார்டைக் கழற்றும்போதோ இரண்டும் சேர்ந்தே போகும், பழுது ஒரு போர்ட்டில் மட்டும் இருந்தாலும்கூட. அதற்கு மேல், இசட்15, இசட்16 இயந்திரங்களின் பிசிஐஇ+ ஐ/ஓ டிராயரில் உள்ள 16 கார்டுகள் 2 டொமைன்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு டொமைனின் இணைப்பு போனால் மற்றதன் இணைப்பு அதற்கும் சேர்த்துத் தோள் கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது, ஆனாலும் பாதைகளை இரண்டு டொமைன்களிலும், முடிந்தால் இரண்டு டிராயர்களிலும் பரப்பி வைப்பதே நல்லது. சிப்பிட் மேப்பிங் டூல் என்ற கருவி இதற்காகவே இருக்கிறது. அதற்கப்பால் ஃபைகான் டைரக்டர் (இடையில் இருக்கும் ஸ்விட்ச்), அதன் பிறகு கண்ட்ரோல் யூனிட்டின் ஹோஸ்ட் அடாப்டர் (கேபிள் வந்து சேரும் கார்டு), அது செருகப்பட்டிருக்கும் ஐ/ஓ என்க்ளோஷர் என்று ஒவ்வொரு நிலையிலும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

நான் ஒருமுறை உதவிக்குப் போன இடத்தில் ஒரு டிஸ்க் தொகுதிக்கு நான்கு பாதைகள் இருந்தன. மெயின்ஃபிரேம் பக்கம் நான்கும் வெவ்வேறு கார்டுகளில் அழகாகப் பிரிக்கப்பட்டிருந்தன. ஸ்டோரேஜ் பக்கமோ, கேபிள் இழுத்தவருக்கு எது வசதியாக இருந்ததோ, நான்கில் மூன்று ஒரே ஹோஸ்ட் அடாப்டரில் போய்ச் சேர்ந்திருந்தன. பல ஆண்டுகள் அது யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் அதுவரை யாரும் அந்த அடாப்டரைத் தொடவில்லை.

சரிபார்ப்பை வேலைக்கு ஒரு நாள் முன்பு ஒருமுறையும், கார்டைக் கழற்றப் போகும் கால் மணி நேரத்திற்குள் இன்னொரு முறையும் செய்யுங்கள். இசட்/ஓஎஸ்ஸில் 'டிஸ்ப்ளே எம்' கட்டளையில் டிவைஸ் எண்ணைக் கொடுத்தால், சிப்பிட் எண்கள் தலைப்பில் வரிசையாக நிற்க, அவற்றின் கீழே 'பாத் ஆன்லைன்', 'சிஹெச்பி ஃபிசிக்கலி ஆன்லைன்', 'பாத் ஆபரேஷனல்' என்று மூன்று வரிகள் வரும். ஒவ்வொரு பாதைக்கும் ஒவ்வொரு வரியிலும் 'ஒய்' அல்லது 'என்' என்ற ஓர் எழுத்து. பலர் முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். சிப்பிட் 40, 41, 50, 51 என்ற நான்கு பாதைகளில் 51-இன் கீழ் 'ஒய், ஒய், என்' என்று இருந்தால், இயங்குதளத்தின் கணக்கில் அந்தப் பாதை இருக்கிறது, சேனலும் இருக்கிறது, ஆனால் அதற்கு அப்பால் எங்கோ இணைப்பு அறுந்திருக்கிறது என்று பொருள். 'என், ஒய், ஒய்' என்று இருந்தால், முன்பு எப்போதோ யாரோ அந்தப் பாதையை ஆஃப்லைனில் போட்டுவிட்டுத் திரும்பக் கொண்டுவர மறந்துவிட்டார்கள். நீங்கள் 40, 41 இரண்டும் இருக்கும் கார்டைக் கழற்றப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 51 இந்த நிலையில் இருந்தால் மிஞ்சுவது 50 மட்டுமே. நான்கு பாதை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பீர்கள். எல்லா டிஸ்க்குகளுக்கும் இப்படிப் பார்ப்பது முடியாத காரியம் என்பதால், ஒவ்வொரு கண்ட்ரோல் யூனிட் முகவரிக்கும் ஓரிரு டிஸ்க்குகளை எடுத்துப் பாருங்கள். அத்துடன் சிப்பிட் எண்ணைக் கொடுத்துப் பார்த்தால் அந்தச் சேனலில் தொங்கும் எல்லா டிவைஸ்களின் நிலையும் ஒரே கட்டமாக வரும். இதை ஒவ்வொரு எல்பாரிலும் செய்ய வேண்டும். சேனலைப் பல எல்பார்கள் பகிர்ந்துகொண்டாலும், பாதையின் ஆன்லைன் நிலையை ஒவ்வோர் இயங்குதளமும் தனித்தனியாகவே வைத்திருக்கிறது.

பாதைகளை எடுப்பதற்கு இரண்டு வழிகள் உள்ளன. 'வேரி பாத்' குறிப்பிட்ட டிஸ்க்குகளுக்கான பாதையை மட்டும் எடுக்கும். 'கான்ஃபிக் சிஹெச்பி' சேனலையே அந்த எல்பாரிலிருந்து விலக்கும். கார்டு மாற்றத்திற்கு இரண்டாவதுதான் பொருத்தம். பகிரப்பட்ட சேனல் என்றால் எல்லா எல்பார்களிலும் அதைக் கொடுத்து முடித்த பிறகே மேலாண்மைக் கன்சோலில் சேனல் உண்மையிலேயே எல்லா இடத்திலும் ஸ்டாண்ட்பை நிலைக்கு வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, கன்சோலிலிருந்தே சேனலை அணைப்பது எளிதுதான், ஒரே இடத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் இயங்குதளங்களுக்கு அது கேபிளைப் பிடுங்கியதைப் போலத்தான் தெரியும். அப்போது அவற்றைக் கேட்டுக்கொண்டு செய்கிறோம் என்ற பாதுகாப்பே இல்லாமல் போகிறது.

பாதுகாப்பு என்று நான் சொல்வது மறுப்பைத்தான். ஒரு டிஸ்க்கிற்கு அதுதான் கடைசிப் பாதை, அந்த டிஸ்க்கும் பயன்பாட்டில் இருக்கிறது என்றால், இசட்/ஓஎஸ் கட்டளையை நிறைவேற்ற மறுக்கும். 'ஃபோர்ஸ்' என்ற சொல்லைச் சேர்த்தால் அந்த மறுப்பை மீறலாம், மீறினால் டிவைஸ் பெட்டியடைக்கப்பட்டுப் போகும், அதைப் பயன்படுத்திய வேலைகள் விழும். யாரும் வேண்டுமென்று ஃபோர்ஸ் போடுவதில்லை, போடவைப்பது சிடிசி. இரண்டு எல்பார்கள் நேரடியாகப் பேசிக்கொள்ளப் பயன்படும் இந்தச் சேனல்-டு-சேனல் இணைப்புகளில் ஒரு டிவைஸுக்கு ஒரே ஒரு பாதைதான் இருக்கும், அதுதான் அதன் இயல்பு. டிஸ்க்குகளுடன் சிடிசியும் அதே ஃபைகான் சேனலைப் பகிர்ந்துகொண்டிருந்தால், கான்ஃபிக் கட்டளை சிடிசிக்காக மறுக்கப்படும். ஆபரேட்டர் பட்டியலில் நாலைந்து சிடிசி எண்களைப் பார்த்துவிட்டு, இது எப்போதும் வருவதுதான் என்று ஃபோர்ஸ் கொடுப்பார். அந்தப் பட்டியலின் கடைசியில் ஒரு டிஸ்க் எண்ணும் இருந்தது அதன் பிறகுதான் தெரியவரும். ஆகவே சிடிசிகளை முதலில் முறையாக நிறுத்துங்கள். சிஸ்ப்ளெக்ஸ் (ஒன்றாக இயங்கும் இசட்/ஓஎஸ்களின் கூட்டம்) சமிக்ஞைப் பாதைகளை எக்ஸ்சிஎஃப் (அந்தக் கூட்டத்தின் தொடர்பைக் கவனிக்கும் இசட்/ஓஎஸ் பகுதி) வழியாக நிறுத்தி, மற்றவற்றை அவற்றுக்குரிய மென்பொருளில் நிறுத்தி, டிவைஸ்களை ஆஃப்லைனுக்குக் கொண்டுபோன பிறகு கான்ஃபிக் கட்டளையைக் கொடுத்தால் அது மறுப்பில்லாமல் ஓட வேண்டும். அப்போதும் மறுத்தால் அந்த மறுப்புக்கு மதிப்பு உண்டு. அதே சேனலில் டேப் டிரைவ்களும் இருந்தால் அவற்றில் ஓடும் வேலைகள் முடியும்வரை பொறுத்திருப்பதே நல்லது, ஏனென்றால் பாதிச் சுருளில் அறுந்த டேப் ஐ/ஓவை டிஸ்க் ஐ/ஓவைப் போல அலட்டிக்கொள்ளாமல் மறுபடி அனுப்ப முடியாது.

வேலை மெயின்ஃபிரேம் பக்கம் அல்லாமல் ஸ்டோரேஜ் பக்கம், அதாவது ஹோஸ்ட் அடாப்டரில் நடப்பதாக இருந்தால் சியூஐஆர் என்ற ஏற்பாடு உதவும். அடாப்டரை எடுக்கப் போகிறேன் என்று கண்ட்ரோல் யூனிட்டே இயங்குதளங்களிடம் சொல்லும். அவை தத்தம் பாதைகளை எடுத்துவிட்டுப் பதில் சொல்லும். வேலை முடிந்ததும் திரும்பக் கொண்டுவரச் சொல்லும். கடைசிப் பாதை என்றால் இங்கேயும் மறுக்கலாம். இசட்/ஓஎஸ், இசட்/விஎம் (விருந்தினர் இயங்குதளங்களை ஓட்டும் மெய்நிகராக்க மென்பொருள்), லினக்ஸின் டாஸ்டி டிரைவர் (ஃபைகான் வழியே வரும் மெயின்ஃபிரேம் டிஸ்க்குகளைக் கையாள்வது) ஆகிய மூன்றும் இதைப் புரிந்துகொள்ளும். இது எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாமல், அந்தக் கண்ட்ரோல் யூனிட்டிலும் ஒவ்வொரு எல்பாரிலும் அது இயக்கத்தில் இருக்கிறதா என்று முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். எஃப்சிபி (அதே வகைக் கார்டு வழியே ஸ்கசி டிஸ்க்குகளை அடையும் வேறு முறை) வழியே போகும் டிஸ்க்குகளுக்கு இது கிடையாது.

உங்கள் லினக்ஸ் சர்வருக்கு நடந்ததும் அநேகமாக எஃப்சிபி டிஸ்க்குகளில்தான் நடந்திருக்கும். டாஸ்டி டிஸ்க்குகளில் பாதைகளைத் தேர்ந்தெடுப்பது சேனல் அமைப்பின் பொறுப்பு. லினக்ஸ் இசட்/ஓஎஸ்ஸைப் போலவே பாதைகளைப் பார்க்கிறது, எல்லாப் பாதைகளும் போனாலும், வேறுவிதமாகச் சொல்லப்படாதவரை, ஐ/ஓவைத் தோற்கடிக்காமல் பாதை வரும்வரை நிறுத்திவைக்கிறது. எஃப்சிபியில் அப்படியில்லை. அங்கே ஒவ்வொரு பாதையும் தனி ஸ்கசி டிஸ்க்காகவே லினக்ஸுக்குத் தெரிகிறது. அவற்றை ஒன்றாகக் கட்டுவது மல்டிபாத் மென்பொருள். இசட்/விஎம்மின் கீழ் இயங்கும் விருந்தினர் லினக்ஸாக இருந்தாலும் எஃப்சிபி பாதைகளை விருந்தினரேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே மூன்று இடங்களில் தவறு நேரலாம்.

முதலாவது, இரண்டாவது பாதையே இல்லாதிருப்பது. எப்போதோ ஒரு நாள் இன்னொரு எஃப்சிபி டிவைஸைக் கையால் ஆன்லைனுக்குக் கொண்டுவந்து, நான்கு பாதைகள் வந்துவிட்டன என்று பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். அது அப்போதைய இயக்கத்துக்கு மட்டுமான மாற்றம். அடுத்த ரீபூட்டில் மறைந்துவிடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். 'சிஹெச்இசட்டெவ்' கருவியால் நிரந்தர அமைப்பிலும் அது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். ரூட் டிஸ்க்கை ஒற்றைப் பாதையிலேயே நிறுவி, டேட்டா டிஸ்க்குகளுக்கு மட்டும் மல்டிபாத் போட்டிருப்பதும் உண்டு. சர்வர் முழுவதும் ஒரே நேரத்தில் 'படிக்க மட்டும்' ஆனதா, ஒரு கோப்பு முறைமை மட்டுமா என்பதை நினைவுபடுத்திப் பார்த்தால் இதில் எது என்று ஊகிக்கலாம்.

இரண்டாவது, காத்திருப்பு நேரங்கள். எஃப்சிபி பாதை ஒன்று போனால் லினக்ஸ் அந்தத் தொலைநிலைப் போர்ட்டை உடனே கைவிடாமல் கொஞ்ச நேரம் காத்திருக்கும். 'ஃபாஸ்ட் ஐஓ ஃபெயில்' என்ற நேரம் முடிந்ததும் நிலுவையில் உள்ள ஐ/ஓக்கள் தோல்வியாகத் திருப்பப்பட்டு, மல்டிபாத் அவற்றை வேறு பாதைக்கு அனுப்பும். 'டெவ் லாஸ்' என்ற நேரம் முடிந்ததும் அந்தப் பாதையின் ஸ்கசி டிஸ்க்கே நீக்கப்படும். மல்டிபாத்தின் வழக்கமான அமைப்பில் முதலாவது 5 விநாடி. அது அணைக்கப்பட்டிருந்தால், மாற்றுப் பாதைகள் மூன்று உயிரோடு இருந்தாலும், இரண்டாவது நேரம் முடியும்வரை ஐ/ஓ சிக்கிக்கொண்டே இருக்கும். டிரைவரின் சொந்த அமைப்பில் அந்த இரண்டாவது நேரம் 60 விநாடி. பயன்பாடுகளுக்கு அது ஒரு முழு நிமிட உறைவு. நான் முதலாவதை 5 விநாடியிலேயே விட்டுவிட்டு, இரண்டாவதை முடிவிலியாக வைத்துவிடுவேன். கார்டு மாற்ற ஒரு மணி நேரம் ஆனாலும் ஸ்கசி டிஸ்க்குகள் தங்கள் இடத்திலேயே காத்திருக்கும், கார்டு வந்ததும் அதே பெயரில் எழுந்துவிடும். முதலாவதை அமைக்காமல் இரண்டாவதை 600 விநாடிக்கு மேல் வைக்கக் கெர்னல் அனுமதிக்காது என்பதால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

மூன்றாவதுதான் 'படிக்க மட்டும்' நிலைக்கு நேரடிக் காரணம். எல்லாப் பாதைகளும் போய்விட்டால் ஐ/ஓவைத் தோல்வியாகத் திருப்புவதா, வரிசையில் நிறுத்துவதா என்பதை 'நோ பாத் ரீட்ரை' என்ற அமைப்பு முடிவு செய்கிறது. தோல்வி என்றிருந்தால் அந்தப் பிழை கோப்பு முறைமைக்கே போய்ச் சேரும். இஎக்ஸ்டி4 போன்றவை ஜர்னலை (மாற்றங்களை முதலில் குறித்துவைக்கும் பதிவு) எழுத முடியாமல் போனதும் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள எழுதுவதை நிறுத்திவிடும். 'க்யூ' என்றிருந்தால் பயன்பாடு உறைந்து நிற்குமே தவிர, பாதை திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். பராமரிப்பு இரவில் உறைவு மேல், சிதைவு வேண்டாம் என்பதால் க்யூவை நான் தேர்ந்தெடுப்பேன். அதிலும் ஒரு சிரமம் உண்டு, பாதை திரும்பாமலே போனால் சர்வரை ஒழுங்காக நிறுத்தவும் முடியாது. இன்னொரு சர்வர் பொறுப்பேற்கக் காத்திருக்கும் கிளஸ்டராக இருந்தால் தோல்வி விரைவாகத் தெரியவருவதே தேவை என்பதால் அங்கே இந்த முடிவு மாறும். இவற்றையெல்லாம் கோப்பில் எழுதியிருக்கிறதா என்று பார்த்தால் போதாது; 'மல்டிபாத்டி ஷோ கான்ஃபிக்' கொடுத்து, ஓடிக்கொண்டிருக்கும் சேவை எதை எடுத்துக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். ரூட் டிஸ்க்கும் மல்டிபாத்தில் இருந்தால் அமைப்புக் கோப்பின் பழைய நகல் ஒன்று இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் (பூட் ஆகும்போது முதலில் ஏற்றப்படும் சிறு கோப்புத் தொகுப்பு) உறங்கிக்கொண்டிருக்கும். மாற்றத்திற்குப் பின் அதையும் புதிதாக உருவாக்க வேண்டும்.

லினக்ஸில் பாதைகளை எடுக்கும் நேரம் வரும்போது, எஃப்சிபி டிவைஸையே ஆஃப்லைனுக்குக் கொண்டுபோவதைவிட, 'சிஹெச்சிஹெச்பி' கட்டளையின் தர்க்கநிலை வேரி வழியே சிப்பிட்டை விலக்குவதே எனக்குப் பிடித்த வழி. இங்கே இசட்/ஓஎஸ்ஸைப் போன்ற மறுப்பை எதிர்பார்க்காதீர்கள். எஃப்சிபியைப் பொறுத்தவரை கடைசிப் பாதையா என்று லினக்ஸ் கேட்டுக்கொண்டிருக்காது, எடுத்துவிடும். எனவே கட்டளைக்கு முன் மல்டிபாத் பட்டியலில் ஒவ்வொரு டிஸ்க்கின் கீழும் வேறொரு சிப்பிட் வழியே வரும் பாதை 'ஆக்டிவ்' ஆக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். டாஸ்டி டிஸ்க்குகளுக்கு 'எல்எஸ்சிஎஸ்எஸ்' காட்டும் பிம், பாம், போம் என்ற மூன்று எண்கள் (நிறுவப்பட்டவை, கிடைப்பவை, இயங்குபவை) இசட்/ஓஎஸ்ஸின் அந்த மூன்று வரிகளைப் போல உதவும்.

டிஸ்க் மிரரிங் இருக்கும் இடங்களில் ஒரு கூடுதல் கவனம் தேவை. இரண்டு கண்ட்ரோல் யூனிட்டுகளுக்கு இடையே நகலெடுக்கும் இணைப்புகளும் அதே ஹோஸ்ட் அடாப்டர்கள் வழியேதான் போகின்றன. ஸ்டோரேஜ் பக்க வேலையில் அவற்றில் ஒன்றை எடுக்கும்போது நகலெடுப்பு நின்றுவிட்டால், கொள்கை எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து முதன்மைப் பக்கமே உறைந்து நிற்கலாம். ஹைப்பர்ஸ்வாப் (முதன்மை டிஸ்க்குகள் பழுதானால் நகலுக்குத் தானே மாறும் வசதி) பயன்படுத்துபவர்கள், ஓர் எல்பாரில் ஏற்படும் டிஸ்க் ஐ/ஓ பிழை முழுச் சிஸ்ப்ளெக்ஸையும் மறுபக்கத்துக்குத் தாவ வைக்கக்கூடும் என்பதை மறக்கக் கூடாது. அதற்காக ஒவ்வொரு பராமரிப்புக்கும் ஹைப்பர்ஸ்வாப்பை அணைத்துவிடும் பழக்கத்தை நான் ஆதரிக்கவில்லை, ஏனென்றால் பாதைகள் குறைந்திருக்கும் அந்த நேரத்தில்தான் அதற்கு வேலை வரக்கூடும். பாதைகளை முறைப்படி எடுத்திருந்தால் தாவலைத் தூண்டும் பிழையே எழாது.

கார்டு வெளியே இருக்கும் நேரத்தில், மிச்சப் பாதைகளின் மீது சுமை கூடியிருக்கும். பெரிய பேக்கப் வேலைகளை அந்த நேரத்தில் ஓட்டாதீர்கள். வேறெந்த வன்பொருள் வேலையும், டைரக்டர் ஃபர்ம்வேராக இருந்தாலும் சரி, ஸ்டோரேஜ் கோடாக இருந்தாலும் சரி, இதனுடன் சேர்த்து ஒரே இரவில் வேண்டாம். உங்கள் திட்டத்தில் மைக்ரோகோடும் இருப்பதால் கார்டு வேலை முழுவதும் முடிந்து பாதைகள் திரும்பிய பிறகே அதைத் தொடங்கச் சொல்லுங்கள்.

திரும்பக் கொண்டுவருவதில்தான் அதிகம் கெட்டுப்போகிறது என்பது என் அனுபவம். ஒரேயடியாகச் செத்த பாதை யாருக்கும் தொந்தரவு தருவதில்லை. செத்துச் செத்துப் பிழைக்கும் பாதைதான் ஆளைக் கொல்லும். இயங்குதளம் அதை நம்பி ஐ/ஓவை அனுப்பும், சில தோற்கும், மறுபடி முயலும், பாதை சரியாகிவிட்டதாகத் தெரியும், மீண்டும் அனுப்பும். இது ஒவ்வொரு டிஸ்க்கிற்கும் தனித்தனியாக நடந்துகொண்டே இருக்கும். இதற்கு இசட்/ஓஎஸ்ஸின் ஐஇசிஐஓஎஸ் (ஐ/ஓ தொடர்பான அளவுருக்களை வைத்திருப்பது) அமைப்பில் மீட்பு அளவுருக்கள் உள்ளன. பாதைப் பிழைகளைத் தனித்தனி டிஸ்க்குகளாகக் கணக்கிடாமல் கண்ட்ரோல் யூனிட் அளவில் கணக்கிட்டு, வரம்பைத் தாண்டினால் அதன் எல்லா டிஸ்க்குகளுக்கும் அந்தப் பாதையை ஒரேயடியாக எடுத்துவிடச் சொல்லலாம். லினக்ஸின் டாஸ்டி டிரைவரிலும் இது உண்டு: 300 விநாடிக்குள் 256 பிழைகள் என்பது அதன் ஆரம்ப வரம்பு. இரண்டையும் பராமரிப்புக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

இப்படிப்பட்ட தள்ளாடும் பாதைகளுக்குப் பெரும்பாலும் காரணம் புதிய கார்டு அல்ல, ஃபைபர் முனையில் ஒட்டிய தூசு. கேபிளைக் கழற்றிய ஒவ்வொரு முறையும் முனையைத் துடைத்து, சோதனைக் கருவியில் பார்த்த பிறகே செருகச் சொல்லுங்கள். பொறியாளர் பையில் துடைப்பான் இருக்கும், நேரம்தான் இருக்காது. இசட்13 முதலான இயந்திரங்களில் இணைப்பின் இரு முனைகளிலும் ஒளியின் அளவு என்ன என்பதை இசட்/ஓஎஸ் கன்சோலிலேயே கேட்டுப் பார்க்கலாம். 'டிஸ்ப்ளே எம்' கட்டளையின் 'லிங்க்இன்ஃபோ' என்ற பகுதி அது. கழற்றுவதற்கு முன் எடுத்துவைத்த அளவோடு மாட்டிய பிறகு வரும் அளவை ஒப்பிட்டால், இன்னும் பிழை வராத, ஆனால் வரப்போகிற இணைப்பை அப்போதே பிடித்துவிடலாம்.

பாதைகளை எல்லா எல்பார்களிலும் ஒரே நேரத்தில் திறந்துவிடாமல், முதலில் முக்கியத்துவம் குறைந்த ஓர் எல்பாரில் ஒரு சிப்பிட்டை மட்டும் ஆன்லைனுக்குக் கொண்டுவாருங்கள். பத்து நிமிடம் ஐ/ஓ ஓடட்டும். கன்சோலில் ஐஓஎஸ் என்று தொடங்கும் செய்திகள் ஏதும் வராவிட்டால் மற்ற எல்பார்களுக்குப் போகலாம். எந்தக் கட்டளையால் எடுத்தீர்களோ அதன் எதிர்க் கட்டளையாலேயே திரும்பக் கொண்டுவாருங்கள். வேரி பாத் கொடுத்து எடுத்ததைச் சேனலை மட்டும் ஆன்லைனுக்குக் கொண்டுவந்து சரிசெய்துவிட்டதாக நினைத்துக்கொண்டால், முன்பு சொன்ன 'என், ஒய், ஒய்' அப்படித்தான் பிறக்கிறது. பிறகு, கழற்றுவதற்கு முன் எடுத்த பட்டியலுடன் இப்போதைய பட்டியலை ஒவ்வோர் எல்பாருக்கும் வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். லினக்ஸில் மல்டிபாத் பாதைகளின் எண்ணிக்கை முன்பிருந்த அளவுக்குத் திரும்பியிருக்க வேண்டும். சிடிசிகளையும் எக்ஸ்சிஎஃப் பாதைகளையும் மீண்டும் தொடங்கியிருக்க வேண்டும்.

மைக்ரோகோடைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். திருத்தங்கள் ஏற்றப்பட்டுவிட்டன என்று பொறியாளர் சொன்னாலும், சில சேனல் வகைகளில் அந்தச் சேனலை ஒருமுறை அணைத்து மறுபடி இயக்கினால்தான் புதிய கோட் நடைமுறைக்கு வரும்.  எந்தெந்தச் சேனல்கள் இப்படிக் காத்திருக்கின்றன என்பதைச் சப்போர்ட் எலிமென்ட்டில் (இயந்திரத்துடனேயே வரும் மேலாண்மைக் கணினி) 'சேனல்/கிரிப்டோ கான்ஃபிகர் ஆஃப்/ஆன் பெண்டிங்' என்ற வினவல் காட்டும். பொறியாளர் கிளம்புவதற்கு முன் அந்தப் பட்டியலைத் திறக்கச் சொல்லுங்கள். அது காலியாக இல்லாவிட்டால், அதில் உள்ள ஒவ்வொரு சேனலுக்கும் மேலே சொன்ன சரிபார்ப்பும் எடுப்பும் திருப்புதலும் ஒருமுறை நடந்தாக வேண்டும், ஒரு நேரத்தில் ஒரு சேனல் என்ற கணக்கில். அன்றைக்கே நேரம் இல்லை என்றால் அடுத்த பராமரிப்பு நேரத்தை அந்த இரவிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.